உதிராத சிறகுகள்

பூச்சிகளின் உடலைக் கொண்டு ஆக்கப்படும் கலைப்பொருட்களைப் பற்றி எங்கே எழுதப்பட்டாலும், வியப்பும் பாராட்டும் முடியும் இடத்தில் ஒரு சிறிய வாக்கியம் தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது. 'இச்சிறகுகள் இயற்கையாகவே உதிர்ந்தவை; இதற்காக எந்த உயிரும் கொல்லப்படவில்லை' என்பது அவ்வாக்கியம். வண்டுச் சிறகு பதித்த காதணி முதல் பழைய நாடக உடை வரை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சமாதானம் போதுமானதாக இருக்கிறது. அதைப் படித்ததும் நம் மனம் ஆறுதலடைகிறது. பிறகு தயக்கமின்றி அழகை ரசிக்கத் தொடங்குகிறோம்.

இந்தச் சமாதானம் பொய்யானது. பாம்பு சட்டையை உரிக்கிறது. மயில் தோகையை உதிர்க்கிறது. மழைக்கு மறுநாள் வீட்டு வாசலெங்கும் ஈசல் சிறகுகள் குவிந்து கிடப்பதை நாம் அறிவோம். ஆனால் நிறமற்ற அந்த ஈசல் சிறகைத் தேடி எந்தக் கலைஞரும் வருவதில்லை. அவர்கள் தேடி வரும் பொன்வண்டோ தன் சிறகை உதிர்ப்பதே இல்லை. அதன் முதுகில் நாம் காணும் பச்சை ஓடு உண்மையில் அதன் முன்சிறகுகள். பறப்பதற்கான மெல்லிய பின்சிறகுகளையும் அதற்கடியிலுள்ள மென்மையான உடலையும் மூடிக் காப்பது அந்த ஓடு. உயிருள்ளவரை வண்டு அதைக் கழற்றி வைப்பதில்லை. ஆகவே ஒரு சிறகு நம் கைக்கு வந்திருக்கிறது என்றால் ஒரு வண்டு இறந்திருக்கிறது, அல்லது கொல்லப்பட்டிருக்கிறது. இந்த எளிய உண்மையை மறைக்க ஒரு கற்பனை உயிரியலே உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கவனத்துக்குரியது. தன் செயலில் பிழையில்லை என்று நம்புகிறவர் பொய்யின் துணையை நாடவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதுமே நான் கொல்லாமை மேடையில் ஏறிவிட்டதாக நண்பர்கள் கருதக்கூடும். அப்படியன்று. பட்டுநூலுக்காகக் கூட்டுப்புழுக்களைக் கொதிநீரிலும் நீராவியிலும் கொல்வது நமக்குத் தெரியாத செய்தியன்று. அரக்கு பூச்சியிலிருந்துதான் வருகிறது. இனிப்புகளிலும் உதட்டுச் சாயத்திலும் சேர்க்கப்படும் ஒருவகைச் சிவப்பு, கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பொடித்துப் பெறுவது. முகூர்த்தப் பட்டை உடுத்திக்கொண்டு ஐரோப்பியக் கலைஞர் ஒருவரைக் கொலைகாரர் என்று தூற்றும் உரிமை எனக்கில்லை. பூச்சிக்கலையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இந்தப் புள்ளியிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஒருவர் 'பாவம்' என்கிறார்; மற்றவர் 'நீ கொசுவை அடிப்பதில்லையா?' என்கிறார். இருவரும் தத்தம் இடத்தில் வெற்றிபெற்றதாக எண்ணிக்கொண்டு கலைந்துபோகிறார்கள். என் குற்றச்சாட்டு வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு நினைவுப் பரிசாகக் கண்ணாடிச் சட்டமிட்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று வழங்கப்பட்டது. உள்ளங்கை அகலச் சிறகுகள், கண்ணைக் கூசவைக்கும் நீலம். மேடையில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விழா முடிந்ததும் விலங்கியல் துறை நண்பர் அதைக் கையில் வாங்கி, முன்புறத்தைப் பார்க்காமல் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே விலை ஒட்டியிருந்த சீட்டு மட்டும் இருந்தது. 'மார்ஃபோ, தென்னமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. எந்த நாடு, எந்தக் காடு, வளர்த்ததா பிடித்ததா, ஒன்றும் இல்லை. செத்தும் பயனில்லாமல் போயிற்று' என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அன்று கடுமையாகப் பட்டது. பின்னர் யோசிக்க யோசிக்க, இக்கலையைப் பற்றி நான் படித்த நீண்ட விமர்சனங்களைவிடத் துல்லியமானது அதுவே என்று தோன்றத் தொடங்கியது.

அவர் எதைத் தேடினார் என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு பூச்சி எவ்வாறு பாடம் செய்யப்படுகிறது என்பதைச் சற்றே அறிய வேண்டும். விறைத்துப்போன உடலை ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்து மூட்டுகளை இளக்குகிறார்கள். வண்ணத்துப்பூச்சி என்றால் நடுமார்பிலும், வண்டு என்றால் வலது முன்சிறகிலும் மெல்லிய ஊசியைச் செருகுகிறார்கள். சிறகுகளைப் பள்ளமுள்ள பலகையில் விரித்துக் காகிதப் பட்டைகளால் அழுத்திப் பல நாட்கள் உலரவிடுகிறார்கள். உலர்ந்த உடலை வேறு பூச்சிகள் அரித்துவிடாமல் இறுக மூடிய பெட்டியில் காக்கிறார்கள். இத்தனையும் கைத்திறன். இதோடு நின்றுவிட்டால் கிடைப்பது அலங்காரப் பொருள்தான். அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே, கட்டைவிரல் நகமளவு காகிதத்தில் பிடிபட்ட இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியன எழுதிச் செருகப்படும்போதுதான் அது மாதிரி என்னும் தகுதியைப் பெறுகிறது. சீட்டு தொலைந்த பூச்சி எத்துணை அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்கு ஏறத்தாழப் பயனற்றது. சிறகு உடைந்து கால்கள் உதிர்ந்த பூச்சியும் சீட்டோடு இருந்தால் பொக்கிஷம்.

அந்தச் சிறு சீட்டு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். நாவலாசிரியர் விளதிமிர் நபகோவ் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வண்ணத்துப்பூச்சிகளோடு பல ஆண்டுகள் உழைத்தவர். அமெரிக்கக் கண்டங்களிலுள்ள ஒருவகை நீல வண்ணத்துப்பூச்சிகளின் முன்னோர் ஆசியாவிலிருந்து பல அலைகளாக வந்து குடியேறினர் என்று 1945இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உருப்பெருக்கியில் உறுப்புகளை ஒப்பிட்டதும், எந்த உடல் எந்த ஊரைச் சேர்ந்தது என்று சீட்டுகள் சொன்னதுமே அவருக்குத் துணை. அன்று பெரிதாகப் பொருட்படுத்தப்படாத அக்கருத்தை 2011இல் வெளியான மரபணு ஆய்வு மெய்ப்பித்தது. இன்னொன்று ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தாரின் பணி. பெரும்பாலும் ஆர்வலர்களாலான இச்சங்கம் 1989 முதல் 2016 வரை, 27 ஆண்டுகள், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் கூடாரப் பொறிகளை அமைத்துப் பூச்சிகளைச் சேகரித்து எடைபோட்டது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்துவிட்டது என்ற முடிவு 2017இல் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. அந்தப் புட்டிகளில் இருந்தவையும் செத்த பூச்சிகளே. ஆனால் அவை சாட்சிகளாயின. இடமும் நாளும் குறிக்கப்படாமலிருந்தால் அவை சாராயத்தில் ஊறிய குப்பையாகவே இருந்திருக்கும்.

ஆகவே என் வாதம் இதுதான். ஓர் உயிரைப் பாடம் செய்து காப்பது என்பது அதன் உடலை அழுகாமல் வைத்திருப்பது மட்டுமன்று; அதன் அடையாளத்தை அழியாமல் வைத்திருப்பதும் ஆகும். இன்று பெருமையாகப் பேசப்படும் பூச்சிக்கலையில் பெரும்பகுதி உடலை எடுத்துக்கொண்டு சீட்டைக் கிழித்தெறிகிறது. கொன்றதைவிட, கொன்றபின் பெயரழித்ததே அதன் குற்றம்.

டேமியன் ஹர்ஸ்ட்டிலிருந்து தொடங்குவோம். 1991இல் லண்டனில் அவர் அமைத்த 'இன் அண்ட் அவுட் ஆஃப் லவ்' என்னும் படைப்பில், வெள்ளைத் திரைகளில் ஒட்டப்பட்ட கூட்டுப்புழுக்களிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் வெளிவந்து அறைக்குள் பறந்தன. மற்றொரு தளத்தில், பளபளக்கும் வண்ணப்பூச்சில் ஒட்டிய இறந்த வண்ணத்துப்பூச்சிகள் ஓவியங்களாகத் தொங்கின. 2012இல் லண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தில் நடந்த அவரது பெரும் கண்காட்சியில் இப்படைப்பு மீண்டும் அமைக்கப்பட்டது. சாளரமில்லாத அறைகளில், பார்வையாளர்களுக்கு நடுவே, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 9,000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் மடிந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. விலங்கு நல அமைப்பினர் கண்டித்தனர். பண்ணைகளிலிருந்து முறைப்படி பெறப்பட்டவை என்று காட்சியகத் தரப்பு விளக்கமளித்தது. 2001 முதல் ஹர்ஸ்ட் செய்துவரும் மற்றொரு வரிசையில் உடலும் இல்லை. ஆயிரக்கணக்கான சிறகுகளை மட்டும் பிரித்தெடுத்து, தேவாலயத்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் போல வட்ட வட்டமாக அடுக்கியிருக்கிறார்.

இவை மரணத்தைப் பற்றிய கலை என்று ஹர்ஸ்ட்டின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். வாழ்வின் நிலையாமை, அழகின் கொடூரம், கடவுளின் இடத்தில் நின்று உயிர்களைக் கையாளும் மனிதன் என்றெல்லாம் விளக்குகிறார்கள். நிலையாமையைப் பாடுவதில் நம் இலக்கியம் எவருக்கும் பின்தங்கியதன்று என்பதால் இந்த வாதத்தை நாம் அதன் களத்திலேயே எதிர்கொள்ளலாம். சங்க இலக்கியத்தின் கையறுநிலைப் பாடல்கள் பொதுவான மரணத்தைப் பாடவில்லை. இன்னாரின் மரணத்தைப் பாடின. பாரி, அதியமான் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய மலையையும் நாட்டையும் சொல்லி, இன்னது இல்லாமற்போயிற்று என்று அழுதன. ஆநிரை மீட்டு வீழ்ந்த எளிய வீரனுக்கும் நடுகல் எழுப்பினார்கள். கல்லில் பெயரும் அவன் செய்ததும் பொறிக்கப்பட்டன. பெயரற்ற மரணம் துயரமாவதில்லை, எண்ணிக்கையாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பூச்சியின் ஊசிக்குக் கீழே இருக்கும் சீட்டும் ஒரு சிறு நடுகல்தான். ஹர்ஸ்ட்டின் வட்டங்களில் ஒவ்வொரு சிறகும் இன்னொன்றோடு மாற்றி வைக்கத்தக்கது. மாற்றி வைக்கத்தக்க ஒன்றின் இறப்பை முன்வைத்து மரணத்தைப் பேசுவதாகச் சொல்வது சொல்லலங்காரம் அன்றி வேறென்ன?

அடுத்து, பெல்ஜியம் நாட்டுக் கலைஞர் யான் ஃபாப்ர். பிரஸ்ஸல்ஸ் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்துக் கூரையையும் ஒரு சரவிளக்கையும் அவர் 2002இல் பொன்வண்டுச் சிறகுகளால் போர்த்தினார். பயன்பட்ட சிறகுகள் ஏறத்தாழ 14 லட்சம் என்கிறார்கள். ஒரு வண்டுக்கு இரண்டு முன்சிறகுகள். எனவே ஏறத்தாழ 7 லட்சம் வண்டுகள். தாய்லாந்து முதலிய நாடுகளில் இவ்வண்டுகளை வறுத்து உண்கிறார்கள், எஞ்சும் சிறகுகளே பயன்படுத்தப்பட்டன என்பது கலைஞர் தரப்பு விளக்கம். உதிர்ந்த சிறகுக் கதையைவிட இது நேர்மையானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அக்கூரையை அண்ணாந்து பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது? கடல் அலையைப் போல் நெளியும் பச்சையும் நீலமும் தெரிகின்றன. வண்டு தெரிவதில்லை. அதைப் பிடித்த கிராமத்து மனிதர், அதை உண்ட வாய், அது வாழ்ந்த மரம் எதுவும் தெரிவதில்லை. கலைஞர் பெயர் தெரியும். வேலையைப் பணித்த அரசியின் பெயர் தெரியும்.

அந்த அரண்மனையில் இது வெறும் அழகியல் குறைபாடாக நின்றுவிடுவதில்லை. கண்ணாடிக் கூடம் இரண்டாம் லியோபோல்ட் மன்னர் காலத்தில் திட்டமிடப்பட்டது. 1909இல் அவர் இறந்தபோது முற்றுப்பெறாமலிருந்தது. 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக அம்மக்களின் கைகளை வெட்டவும் துணிந்த ஓர் ஆட்சியை நடத்தியவர் அவர். தொலைதூரக் காடுகளிலிருந்து எண்ணற்ற உயிர்களின் விளைவை வாரிக்கொண்டுவந்து, வந்த வழியின் தடயத்தைத் துடைத்து, மாளிகையின் பளபளப்பாக மாற்றுவதுதான் காலனியத்தின் வேலைமுறை. ஃபாப்ர் இவ்வரலாற்றை அறியாதவரல்லர்; பின்னாளில் பெல்ஜியக் காங்கோவைப் பற்றியே வண்டுச் சிறகுப் பதிப்போவிய வரிசை ஒன்றைச் செய்தார். ஆனால் குற்றத்தை நினைவூட்டும் படைப்பு, அக்குற்றத்தின் வேலைமுறையையே தன் செய்முறையாகக் கொள்ளுமானால் அந்த நினைவூட்டலை எப்படி எடுத்துக்கொள்வது? காங்கோ மக்களைப் பெயரற்ற கைகளாக எண்ணிய அரசனின் கூடத்தை, பெயரற்ற வண்டுகளால் நிரப்பி மகுடம் சூட்டியாயிற்று.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பொன்வண்டின் பச்சை, சாயமன்று. ஓட்டின் மேற்பரப்பில் அடுக்கடுக்காக அமைந்த மிக நுண்ணிய படலங்களில் ஒளி பட்டு மீள்வதால் உண்டாகும் நிறம் அது. அதனால்தான் சாயங்கள் வெளுத்துப்போகும் காலத்திலும் அது மங்குவதில்லை. ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயத்திலுள்ள 7ஆம் நூற்றாண்டுச் சிறு கோயிலொன்று அந்நாட்டுப் பொன்வண்டின் பெயராலேயே 'தமமுஷி' என்று வழங்குகிறது. அதில் பதித்த சிறகுகளில் பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன. ஆனால் வண்டின் பெயர் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் கோயிலின் பெயரில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கைவினைஞர்களும் கொன்றவர்களே. எனினும் நிறம் தம்முடையது என்று அவர்களின் மரபு உரிமை கொண்டாடவில்லை. ஓவியன் குழைக்காத நிறத்துக்கு ஓவியன் மட்டும் கையொப்பமிடுவது பிற்கால வழக்கம்.

இதில் நம்மூருக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை, ஐதராபாத், கல்கத்தா ஆகிய இடங்களில் மெல்லிய மஸ்லின் துணியில் பொன்னிறச் சரிகையோடு வண்டுச் சிறகுகளைத் துளையிட்டுத் தைத்து, ஐரோப்பியச் சீமாட்டிகளின் நடன உடைகளுக்காகக் கப்பலேற்றினார்கள். லண்டனிலும் அந்த மோகம் பரவியது. 1888இல் லைசியம் அரங்கில் மேக்பெத் சீமாட்டியாக நடித்த எலன் டெரியின் உடையில் ஏறத்தாழ 1,000 வண்டுச் சிறகுகள் தைக்கப்பட்டிருந்தன. அவ்வுடையில் அவரை ஜான் சிங்கர் சார்ஜென்ட் தீட்டிய ஓவியம் இன்றும் லண்டனில் இருக்கிறது. பல்லாண்டு உழைப்பில் 2011இல் அவ்வுடையும் புதுப்பிக்கப்பட்டது. நடிகையின் பெயர், ஓவியர் பெயர், உடையை வடிவமைத்தவர் பெயர், தைத்தவர் பெயர் எல்லாம் பதிவில் உள்ளன. சென்னையில் அமர்ந்து சிறகு தைத்த கைகளின் பெயர் ஒன்றையாவது நம்மால் சொல்ல முடியுமா? பூச்சியின் பெயரை அழிக்கும் பழக்கம் பூச்சியோடு நிற்பதில்லை. அந்தப் பூச்சியைத் தொட்டுப் பிழைத்த மனிதர்களின் பெயரும் அதே கையசைப்பில் துடைக்கப்படுகிறது. இதனால்தான் இதை நான் விலங்கு நலப் பிரச்சினையாக மட்டும் காணவில்லை.

இனி எதிர்வாதங்கள். அருங்காட்சியகங்கள் கொன்று குவிக்கவில்லையா, அவையும் காலனியக் கொள்ளையின் கிடங்குகள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். உலகின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான அலெக்சாந்திரா அரசி வண்ணத்துப்பூச்சியின் முதல் மாதிரியை 1906இல் நியூ கினியில் ஆல்பர்ட் மீக் என்னும் சேகரிப்பாளர் துப்பாக்கியால் சுட்டே வீழ்த்தினார். ஒரு வண்ணத்துப்பூச்சியைச் சுடுவதைவிட அபத்தமான வன்முறை இருக்க முடியாது. ஆனால் யார் சுட்டார், எங்கே, எப்போது என்பது இன்று எனக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் இப்போது கண்டிக்க முடிகிறது. அந்த இனத்தின் அனைத்துலக வணிகம் இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. எது எங்கே வாழ்ந்தது என்ற பதிவு இல்லாமல் எந்தத் தடையையும் நியாயப்படுத்த முடியாது. சீட்டு, கொன்றவனின் குற்றத்தையும் சேர்த்தே காக்கிறது.

பண்ணைப் பொருளாதாரம் என்பது இரண்டாவது வாதம். இதை மதிக்கிறேன். பாப்புவா நியூ கினியின் புலோலோவில் 1978இல் பூச்சி வளர்ப்பு, வணிகத்துக்கென அரசு சார்பில் ஒரு முகமை நிறுவப்பட்டது. கிராமத்தார் தோட்ட ஓரங்களில் வண்ணத்துப்பூச்சிகளின் உணவுக் கொடிகளை நட்டார்கள்; காட்டிலிருந்து வந்து முட்டையிட்ட பூச்சிகளின் கூட்டுப்புழுக்களில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து விற்றார்கள். காடு இருந்தால்தான் பூச்சி வரும், பூச்சி வந்தால்தான் பணம் வரும் என்பதால் காட்டைக் காப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இம்முறை நேர்மையாக இயங்குவதற்கே, வந்த இடமும் வளர்த்தவரும் தெரிய வேண்டும். பெயரில்லாத சட்டத்துக்குள் பண்ணைப் பூச்சியும் திருட்டுப் பூச்சியும் ஒன்றுபோலவே மின்னும். சீட்டைக் கேட்காத வாங்குபவர் திருடனுக்கே துணைபோகிறார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகள் இடம்பெற்றுள்ளன. சட்டமிட்ட நிலையிலும் அவற்றை விற்பது குற்றம். சுவரில் மாட்டியிருப்பது எது என்றே தெரியாதவருக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

கலைக்கு எதற்குச் சீட்டு, அது அறிவியல் அன்றே என்பது மூன்றாவது வாதம். கலை அறிவியலாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பூச்சியை வண்ணமாகக் கரைக்காமல் பூச்சியாகவே நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன். அது இயலாததன்று. மரியா சிபில்லா மேரியன் 1699இல் சூரினாம் சென்று, 1705இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு பூச்சியையும் அது உண்ணும் செடியோடு, முட்டை, புழு, கூடு, சிறகு என்னும் பருவங்களோடு வரைந்தார். ஒரு செடியைப் பற்றி அடிமைப் பெண்கள் தம்மிடம் சொன்ன துயரத்தையும் எழுதிவைத்தார். 300 ஆண்டுகள் கழிந்தும் அந்த ஓவியங்கள் அழகில் எதற்கும் குறைந்தவையல்ல. ஒளிப்படக் கலைஞர் லெவன் பிஸ் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் பழைய மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 8,000க்கும் மேற்பட்ட படங்களாகப் பிடித்து இணைத்து ஆள் உயரத்துக்கும் மேலான படங்களாக்கினார். ஒரு வண்டும் அதற்காகப் புதிதாகச் சாகவில்லை. பெயரோடு நின்ற அந்த உருவங்களின் முன் பார்வையாளர்கள் வாயடைத்து நின்றார்கள். சீட்டு கலையின் வியப்பைக் குறைக்கும் என்பதற்கு எங்கே சான்று?

உண்மையான பூச்சிகளையே பயன்படுத்தும் ஜெனிஃபர் ஆங்கஸையும் இங்கே சொல்ல வேண்டும். வடதாய்லாந்துப் பகுதியில் கரென் மக்கள் துக்கச் சடங்கில் அணியும், வண்டுச் சிறகுகள் சலசலக்கும் சால்வையைக் கண்டதே அவருடைய கலைக்குத் தூண்டுதல். 2015இல் வாஷிங்டன் ரென்விக் காட்சியகத்தில் ஏறத்தாழ 5,000 பூச்சிகளைச் சுவரெங்கும் ஊசியால் பொருத்தினார். தூரத்திலிருந்து பூவேலைச் சுவர்த்தாள். நெருங்கினால் ஒவ்வொன்றும் காலும் கொம்பும் உள்ள முழு உடல். அழகிலிருந்து பூச்சியை நோக்கி நம்மை அழைத்துச் செல்கிறார். ஃபாப்ர் பூச்சியிலிருந்து அழகை நோக்கி. அழியும் நிலையிலுள்ள இனங்களைத் தொடுவதில்லை, அதே உடல்களையே பல கண்காட்சிகளில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அவரிடமும் எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் கேள்வி கேட்க இடமளிக்கும் கலை அது.

நான்காவது வாதம் மிக எளியது. எளியது என்பதாலேயே பலரிடமும் எடுபடுவது. எப்படியும் சில வாரங்களில் சாகப்போகும் பூச்சிதானே என்பது அது. பொன்வண்டு வளர்ந்த வண்டாக வாழ்வது சில வாரங்களே என்பது மெய்தான். ஆனால் அதற்குமுன் மண்ணுக்குள் வேரைத் தின்று புழுவாகக் கழித்த நீண்ட காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சில வாரங்களில்தான் அது இணைசேர்ந்து முட்டையிட்டு அடுத்த தலைமுறையை மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். நாம் எடுப்பது அதன் வாழ்வின் மிச்சத்தையன்று, அதன் நோக்கத்தை.

பொன்வண்டைப் பற்றி இவ்வளவு எழுதும் நான் அதற்கு நிரபராதியல்லன். எங்கள் தலைமுறையில் கிராமத்துப் பள்ளியில் படித்த யாரும் அல்லர். மழைக்காலத்தில் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து, இலை கிள்ளிப் போட்டு, முட்டையிடுகிறதா என்று மணிக்கொருதரம் திறந்து பார்த்திருக்கிறோம். தாய்லாந்துக் காடுகளிலிருந்து பிரஸ்ஸல்ஸ் கூரைக்குப் போன வண்டும், எங்கள் தீப்பெட்டிக்குள் கிடந்த வண்டும் ஸ்டெர்னோசெரா என்னும் ஒரே பேரினத்தவை. எங்கள் கையிலும் அவை செத்தன. ஆனால் அது எந்த மரத்தில் இருந்தது, எந்த இலையைத் தின்னும், யார் பிடித்தது என்பது வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. இன்று என் மாணவர்களில் பலர் பொன்வண்டை உயிரோடு பார்த்ததில்லை. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. அவர்களுக்குப் பூச்சி என்பது இனி கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் அறிமுகமாகும் என்றால், அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது சிறிய விஷயமன்று.

ஆகவே இலக்கியமும் கலையும் பேசுகிற நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பூச்சியுடலால் ஆன எந்தப் படைப்பையும் புகழ்வதற்குமுன், வாங்குவதற்குமுன், பரிசளிப்பதற்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதன் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தது? வளர்த்ததா, காட்டில் பிடித்ததா? பிடித்தவருக்கு என்ன கிடைத்தது? விடை இருக்குமானால் மகிழ்ச்சியோடு ரசியுங்கள். நானும் உடன் வருகிறேன். விடையாக 'இயற்கையாக உதிர்ந்தது' என்று சொல்லப்பட்டால், அந்தச் சட்டத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள்.